ரெண்டு மாட்டு வண்டியும் ரெண்டு ஏக்கர் கரிசலும்

பி.காம். படித்தவனுக்கு ஒரு சாபம் உண்டு. சொந்தக்காரர் வீட்டில் கல்யாணமோ, கடனோ, கிரயமோ எது வந்தாலும், "அவன் கணக்குப் படிச்சவன், கூப்பிடு" என்பார்கள். கணக்குப் படித்தவன் கையில் காசு இருக்கிறதா என்று மட்டும் ஒருத்தரும் கேட்கமாட்டார்கள்.

ஆடி மாதம், வெள்ளிக்கிழமை ராத்திரி, கோவில்பட்டி அத்தையிடமிருந்து போன். "முருகேசன் நிலத்தை வித்து காரு வாங்கணும்னு நிக்கான்யா. உங்க மாமா ரெண்டு நாளா அவன்கிட்ட பேசல. நீ வந்து கணக்குப் போட்டு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ."

முருகேசன் என் மாமா மகன். துபாயில் ஒரு முதலாளியிடம் நாலு வருஷம் டிரைவராக இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறான். ஊரில் டாக்ஸி ஓட்ட வேண்டும் என்று ஆசை. ஆசையில் தப்பில்லை. அதற்கு விலையாக அவன் கைகாட்டியது, ரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ரெண்டு ஏக்கர் கரிசல். மாமாவுக்கு மிச்சம் இருப்பதே அந்த ரெண்டு ஏக்கர்தான்.

சனிக்கிழமை காலை மதுரையில் பஸ் ஏறினேன். கோவில்பட்டிக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். விருதுநகர் தாண்டியதும் மண்ணின் நிறம் மாறும். சாத்தூர் வந்தால் ஜன்னல் வழியாக வெள்ளரிக்காயும் சேவும் உள்ளே வரும். அதற்கப்புறம் ரெண்டு பக்கமும் கறுப்புதான். கோடையில் கால் நுழைகிற அளவு வெடித்துக் கிடக்கும். மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும் களி. இந்த மண்ணுக்கு ஒரு விசேஷம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழையைக் குடித்து உள்ளே வைத்துக்கொள்ளும். மேலே ஒரு சொட்டு விழாவிட்டாலும் தை, மாசி வரை உளுந்தையும் பருத்தியையும் அந்த ஈரத்திலேயே காப்பாற்றும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

தீப்பெட்டி, ஹாக்கி, 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கடலைமிட்டாய் என்று மூன்று பெருமைகள் உள்ள கோவில்பட்டியில் இறங்கினால், முருகேசன் ஒரு காரோடு நின்றுகொண்டிருந்தான். நண்பனுடைய காராம். டொயோட்டா ஹைரைடர் ஹைப்ரிட்.

"ஏறுங்க அத்தான். ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் கணக்குப் போடுங்க."

வீட்டுக்குப் போய், முன் சீட்டில் மாமாவையும் ஏற்றினோம். மகனோடு பேசாத மனுஷர் காரோடு மட்டும் பேசினார். முருகேசன் பட்டனை அமுக்கினான். சத்தமே இல்லை.

"மருமகனே, வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னு சொல்லு" என்றார் என்னிடம்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் கார் தெருமுனைக்குப் போயிருந்தது. மாமா கதவைப் பிடித்துக்கொண்டார். செண்பகவல்லி அம்மன் கோயில் பக்கத்து நெரிசலில் நின்று, நகர்ந்து, நின்று, நகர்ந்து போனபோதும் எஞ்சின் பெரும்பாலும் தூங்கிக்கொண்டுதான் இருந்தது. நாற்கரச் சாலையில் ஏறி முருகேசன் ஒரு அமுக்கு அமுக்கியதும், எங்கோ அடுத்த வீட்டில் யாரோ மிக்ஸி போட்டது மாதிரி ஒரு சத்தம். பெட்ரோல் எஞ்சின் எழுந்துவிட்டது.

"இது ரெண்டு மாட்டு வண்டி மாமா" என்றேன். "ஒரு மாடு பெட்ரோல் குடிக்கும், ஒரு மாடு கரண்ட் குடிக்கும்."

"எந்த மாட்டை எப்ப இழுக்க விடணும்னு யாரு சொல்றது?"

கேள்வி என்றால் இதுதான் கேள்வி. ஹைப்ரிட் காரின் சூட்சுமம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது.

பெட்ரோல் எஞ்சினுக்கு ஒரு குணம். மிதமான பாரத்தோடு சீராக இழுக்கும்போது குடித்த பெட்ரோலுக்கு நன்றாக வேலை செய்யும். சிக்னலில் சும்மா நிற்கும்போதும், நெரிசலில் ஊர்ந்துபோகும்போதும் வாங்கின சம்பளத்துக்கு வேலை செய்யாது. (எனக்குத் தெரிந்த சில ஆபீஸ்கள் ஞாபகத்துக்கு வருகின்றன. வேண்டாம்.) மின்சார மோட்டார் இதற்கு நேர் எதிர். நின்ற இடத்திலிருந்தே முழு பலத்தோடு இழுக்கும். நிற்கும்போது ஒன்றும் தின்னாது. ஆக, கிளம்பவும் ஊரவும் மோட்டார்; நெடுஞ்சாலையில் சீராகப் போக எஞ்சின்; ஏற்றத்திலும் லாரியை முந்தும்போதும் ரெண்டும் சேர்ந்து. பிரேக் போட்டால் மோட்டாரே டைனமோவாக மாறி, வீணாய்ப் போகிற வேகத்தை மின்சாரமாக்கிப் பேட்டரியில் சேர்க்கும். நொடிக்கு நொடி இந்த முடிவை எடுப்பது காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர். வண்டிக்காரன் அதுதான். முருகேசன் வெறும் பிரயாணி.

ரெண்டு மாட்டையும் பூட்டுகிற நுகத்தடி எது? பல்சக்கரக் கூட்டம் ஒன்று. நடுவில் ஒரு சக்கரம், அதைச் சுற்றிச் சின்னச் சக்கரங்கள், அவற்றை வளைத்து உள்பக்கம் பல் வைத்த ஒரு பெரிய வளையம். சின்னச் சக்கரங்களை ஒரு சட்டம் பிடித்திருக்கும். எஞ்சின் அந்தச் சட்டத்தைச் சுற்றுகிறது. நடுச் சக்கரத்தில் ஒரு ஜெனரேட்டர். வெளிவளையத்திலிருந்து வருகிற சக்தியும் பெரிய மோட்டாரின் சக்தியும் ஒன்றாகச் சேர்ந்து கார் சக்கரத்துக்குப் போகின்றன. கிளட்ச் இல்லை, கியர் மாற்றும் வேலை இல்லை. எஞ்சின் தருவதில் ஒரு பங்கு நேராகச் சக்கரத்துக்கு, மறுபங்கு ஜெனரேட்டர் வழியாக மின்சாரமாகி மோட்டாருக்கோ பேட்டரிக்கோ போகும். 1997-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த பிரியஸ் காரிலிருந்து டொயோட்டா பிடித்துக்கொண்டிருக்கும் வழி இது. வேறு கம்பெனிகள் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே மோட்டாரைச் செருகுவார்கள். சிலர் முன்சக்கரத்துக்கு எஞ்சின், பின்சக்கரத்துக்கு மோட்டார் என்று பாகப்பிரிவினை செய்துவிடுவார்கள்.

ஒரு இடத்தில் எனக்கே சந்தேகம் வந்தது. இந்தக் காரின் எஞ்சின் 92 குதிரைத்திறன், மோட்டார் 80 என்கிறார்கள். கூட்டினால் 172 வர வேண்டும். புத்தகத்தில் போட்டிருப்பது சுமார் 116. யார் தின்றது மிச்சத்தை?

கொஞ்சம் யோசித்ததும் பி.காம். முதல் வருஷப் பாடம் கைகொடுத்தது. பாங்கிலிருந்து எடுத்துப் பெட்டியில் வைத்தால் அது வருமானம் ஆகுமா? ஆகாது, கான்ட்ரா என்ட்ரி. மோட்டாருக்குப் போகிற மின்சாரத்தில் பெரும்பங்கு எஞ்சின் சுற்றித் தந்ததுதானே! அதை ரெண்டு தடவை எண்ணக் கூடாது. புதிதாக வருவது பேட்டரி தருகிற இருபத்துச் சொச்சம் மட்டும். இந்தக் காரின் பேட்டரி ஒரு யூனிட் கூடக் கிடையாது, 0.76 யூனிட். வீட்டில் இஸ்திரிப்பெட்டி ஒரு மணி நேரம் ஓடினால் தீர்ந்துபோகும். வெறும் சில்லறைப் பர்ஸ். நிமிஷத்துக்கு நிமிஷம் எடுப்பதும் போடுவதுமாக இருக்கும்.

நாலாட்டின்புத்தூர், கி.ரா. பிறந்த இடைசெவல் எல்லாம் தாண்டிக் கயத்தாறு வந்தோம். 1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர். அங்கே இறங்கினால் வேட்டியை ரெண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற ஆடிக்காற்று அப்படி. கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலைகள். தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் சோதனை நிலையம் வைத்திருப்பதே இங்கேதான்.

"அத்தான், துபாய்ல எங்க முதலாளிகிட்ட இருந்தது பிளக்-இன் ஹைப்ரிட்" என்று ஆரம்பித்தான் முருகேசன். "ராத்திரி செல்போன் மாதிரி சொருகி வச்சிருவேன். காலையில ஐம்பது, அறுபது கிலோமீட்டர் பெட்ரோலே குடிக்காம ஓடும். அதுக்கப்புறம் இந்தக் காரு மாதிரி. அது ஒண்ணு நம்ம ஊர்ல கிடைச்சு, இந்தக் காத்தாலைக் கரண்ட்ல ஓட்டினா எப்படி இருக்கும்!"

ஆடிக்காற்றில் அம்மி பறக்கும் என்பார்கள். கார் ஓடினால் என்ன? நியாயமான கனவுதான்.

பிளக்-இன் வித்தியாசம் பேட்டரியின் அளவில் இருக்கிறது. 2023-ல் வந்த பிரியஸ் பிளக்-இன்னில் 13.6 யூனிட். நாங்கள் ஓட்டியதைப்போல பதினெட்டு மடங்கு. பர்ஸ் அல்ல, சேமிப்புக் கணக்கு. உலகத்தில் முதன்முதலில் இப்படி ஒரு காரைத் தொழிற்சாலையிலிருந்து விற்பனைக்குக் கொண்டுவந்தது சீனாவின் பி.ஒய்.டி., 2008 டிசம்பரில். 2010-ல் அமெரிக்காவில் செவ்ரோலே வோல்ட்.

கலப்பும் வேறு மாதிரி. கிளம்பும்போது வீட்டு மின்சாரம் இருப்பதால் முதலில் அதையே செலவழிக்கும். ரொம்ப அவசரமாக அமுக்கினால், வண்டியைப் பொறுத்து, எஞ்சினும் எழுந்து ஒரு கை கொடுக்கும். பேட்டரி ஒரு குறிப்பிட்ட மட்டத்துக்கு இறங்கியதும் வண்டி குணம் மாறிவிடும். இனி சேமிப்பைக் கரைக்காது; பெட்ரோலில் ஓடி, அந்த மட்டத்தை மட்டும் காப்பாற்றிக்கொண்டு சாதாரண ஹைப்ரிட் ஆகிவிடும். "மின்சாரத்தை இப்போது தொடாதே, ஊருக்குள் நுழையும்போது வேண்டும்" என்று சொல்லப் பல கார்களில் ஒரு பட்டனும் உண்டு. சில கார்களில் போகிற ஊரைச் சொல்லிவிட்டால், வழி முழுக்கப் பங்குபோட்டு, நெரிசலுக்கு மின்சாரம், நெடுஞ்சாலைக்குப் பெட்ரோல் என்று ஒதுக்கிவைக்கும்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த மாமா சொன்னார்: "இதுல என்ன புதுசு? மொதல்ல கம்மாத் தண்ணி. கம்மா இறங்கினா கிணத்துத் தண்ணி. கம்மாத் தண்ணி மலிவு, கிணத்துத் தண்ணிக்கு மோட்டார் போடணும். எங்க அப்பா காலத்துல இருந்தே நாங்க ஐப்ரேடுதான்."

நான் ஒரு பக்கம் எழுதியதை மனுஷர் ரெண்டு வரியில் முடித்துவிட்டார்!

"ஆனா ஒண்ணு" என்றார். "கம்மா நிறையணும்ல? நிறைக்காமலே கம்மா வச்சிருக்கேன்னு சொன்னா, கிணத்துத் தண்ணியைத்தானே நாள் பூரா இறைப்பான்?"

இதைத்தான் 2024-ல் ஐரோப்பிய ஆணையமும் சொன்னது. ரோட்டில் ஓடுகிற பிளக்-இன் கார்கள் வெளியே விடுகிற கார்பன், சோதனைக்கூடக் கணக்கைப்போல சராசரியாக மூன்றரை மடங்காம். முக்கியமான காரணம், எதிர்பார்த்த அளவு ஜனங்கள் சார்ஜ் போடுவதில்லை. சொருகாத பிளக்-இன் என்பது பெரிய பேட்டரியைப் பிள்ளை மாதிரி இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடுகிற பெட்ரோல் கார். அவ்வளவுதான்.

திரும்பும்போது நாற்கரச் சாலையை விட்டுக் கடம்பூர் வழியாக வந்தோம். ஆராய்ச்சிக்காக அல்ல, போளிக்காக. கிராமத்து ரோடு, வேகத்தடை, குறுக்கே ஆடு. அந்த வழியில்தான் காரின் மைலேஜ் ஏறியது. நாற்கரத்தில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போனபோது லிட்டருக்கு 20 என்று காட்டிய திரை, கடம்பூர் ரோட்டில் 26-க்குப் போனது. சாதாரணக் காரில் இது தலைகீழாக இருக்கும். நின்று நின்று போகிறவனுக்குத்தான் ஹைப்ரிட் லாபம். இன்னொன்றும் கவனித்தேன். திரையில் பேட்டரிக்கு ஒரு கோடு வரிசை. ஏறும், இறங்கும். ஆனால் கடைசிக் கோடுகளைத் தொடவே இல்லை. கீழே வந்ததும் எஞ்சின் ஓடிவந்து தாங்கிக்கொள்ளும்.

மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் திண்ணையில் கணக்கு. தாள் என்னுடையது, பேனா அத்தை மளிகைக் கணக்கு எழுதுவது.

பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வெளியூர் டாக்ஸி ஒரு நாளைக்கு 300 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 தருகிற சாதாரணக் காருக்கு 2,000 ரூபாய். 20 தருகிற ஹைப்ரிடுக்கு 1,500. நாளுக்கு 500, மாதம் இருபத்தைந்து நாள் ஓடினால் 12,500 மிச்சம். ஓடினால்!

பிளக்-இன்? யூனிட் எட்டு ரூபாய், ஒரு யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் என்று வையுங்கள். முதல் 60 கிலோமீட்டருக்கு 80 ரூபாய். மிச்சம் 240 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 1,200. மொத்தம் 1,280. ஐந்தில் ஒரு பங்குதான் மின்சாரத்தில் ஓடும். இதுவே தினம் முப்பது கிலோமீட்டர் ஆபீஸ் போய்வருகிற ஆசாமிக்கு என்றால் முழுக்க மின்சாரம். நாளுக்கு 40 ரூபாயில் முடிந்துவிடும். பெட்ரோல் பங்க்காரர் முகமே மறந்துபோகும். பிளக்-இன் யாருக்கு என்றால் அவருக்குத்தான். ஆனால் நம் நாட்டில் இதுவரை வந்திருக்கும் பிளக்-இன் கார்கள் பெரும்பாலும் அவருடைய எம்.டி. வாங்குகிற விலையில் இருக்கின்றன!

"தூத்துக்குடியிலயே கரண்ட் காரு செய்றாங்களாமே?" என்றாள் அத்தை. உண்மைதான். 2025 ஆகஸ்ட் 4-ல் வின்ஃபாஸ்ட் தொழிற்சாலை அங்கே திறக்கப்பட்டது. கோவில்பட்டியிலிருந்து அறுபது கிலோமீட்டர். முழு மின்சாரக் கார்கள். ஜி.எஸ்.டி. அதற்கு 5 சதவீதம்தான். நாங்கள் ஓட்டிய மாதிரி நாலு மீட்டருக்கு மேல் நீளமான ஹைப்ரிடுக்கு 2025 செப்டம்பரிலிருந்து 40.

"நடுராத்திரி ஏர்போர்ட் சவாரி வரும் அத்தான். அப்ப சார்ஜ் போட்டுட்டு உக்காந்திருக்க முடியாது" என்றான் முருகேசன். அவன் பயம் அவனுக்கு. நான் வற்புறுத்தவில்லை. "சரி, ஹைப்ரிடே வாங்கு. கணக்கு ஒத்துவருது. ஆனா துபாய்ச் சேமிப்பு?"

"அது கையில இருக்கட்டும்னு பாத்தேன். நிலத்தை வித்தா கடனே வேண்டாமே."

திண்ணையில் சத்தமில்லை. அத்தை பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். ரெண்டு நாளாக மகனைப் பார்க்காத மாமா அப்போதுதான் அவன் பக்கம் திரும்பினார்.

"ஏல, அந்த வெளிநாட்டுக் காரு, கரண்ட் தீந்ததும் பெட்ரோலுக்குப் போயிரும்னியே. பூராவும் தீந்ததும்தானே?"

"இல்லப்பா. பூராவும் தீர விடாது. அடியில கொஞ்சம் வச்சிரும். வழிச்சு எடுத்தா பேட்டரி கெட்டுப்போகும்."

அவன் சொன்னது சரி. அந்த 2010 வோல்ட் காரில் 16 யூனிட் பேட்டரி. ஓட்டுகிறவனுக்குத் தந்தது சுமார் 10 யூனிட்தான். மேலேயும் கீழேயும் மிச்சத்தைத் தொடவே விடாது. சொந்தக்காரன் கேட்டாலும் தராது.

மாமா தலையாட்டினார். "காரே கடைசிச் சொட்டைத் தொடமாட்டேங்குது. உனக்கு எதுக்குல கடைசி ரெண்டு ஏக்கர்?"

முருகேசன் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பி.காமில் தேய்மானம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். காருக்குத் தேய்மானம் உண்டு. வாங்கிய மறுநாளே விலை இறங்கும். நிலத்துக்குத் தேய்மானம் போடுவதில்லை என்பதும் அதே பாடப்புத்தகத்தில் உண்டு. பரீட்சைக்கு எழுதி மார்க் வாங்கியவன்தான் நான். அதை அந்தத் திண்ணையில் முதலில் சொல்லியிருக்க வேண்டியவன் நான். சொன்னது ஐந்தாவதோடு நின்ற மாமா.

சாயங்காலம் ஒரு வழி பிறந்தது. துபாய்ச் சேமிப்பு முன்பணம். மிச்சத்துக்குக் கடன். புதுசு வேண்டாம், ரெண்டு, மூணு வருஷம் ஓடிய ஹைப்ரிட். மாதம் மிச்சமாகிற பெட்ரோல் காசு தவணைக்குத் தோள் கொடுக்கும். ஒரு மாதம் சவாரி படுத்தால்? அதற்குத்தான் அடியில் ரெண்டு ஏக்கர் இருக்கிறதே, விற்காமல்!

கணக்குப் போட்டதற்குக் கூலியாக ரெண்டு பாக்கெட் கடலைமிட்டாய் கிடைத்தது. ஒன்று சாத்தூர் வருவதற்குள் தீர்ந்துவிட்டது. இன்னொன்றைத் தொடவில்லை. அன்றைக்குக் கற்றுக்கொண்ட பாடம் அப்படி.

புரட்டாசியில் மாமாவே போன் பண்ணினார். மழைக்கு முன்னாலேயே புழுதியில் உளுந்து விதைத்தாகிவிட்டதாம். விதை மூட்டையை முருகேசன்தான் தன் காரில் கொண்டுவந்து இறக்கினானாம்.

"சத்தமே இல்லாம வந்து நிக்கான் மருமகனே. மூட்டையைத் தூக்கச் சொல்லித் திட்டுறதுக்குள்ள போயிட்டான்."

திட்டுகிறார் என்றால் பேசுகிறார் என்று அர்த்தம். அத்தை இனி நிம்மதியாகத் தூங்குவாள்.